உப்புப் போட்ட கை

ஜசிந்தா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி பேசாலையிலிருந்து தொலைபேசியில் வந்தபோது, நான் கந்தோர் மேசையில், ஒரு பெண் கொண்டுவந்த உரப்பையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டா, மிஸ். நாளைக்கு நாலு மணிக்கு அடக்கப் பூசை," என்றார் தோட்டக் குழுச் செயலாளர் மேரி. எனக்கு வாய் திறக்கவில்லை. திறக்காத வாய் என்று அக்கா என்னைக் கேலி செய்தது, இன்று அவரை அடக்கம் செய்ய வந்திருக்கும் உங்களுக்கு நினைவிருக்கும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள் நான். அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பேசாலைக்குப் போனேன். கடற்கரை மணலில் மிளகாய் நிற்காது என்பதால், கோயிலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி, பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பன்னிரண்டு பாத்திகள் கட்டினோம். கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்திலிருந்து உழவு இயந்திரத்தில் மண் வந்தது. இன்னொரு தடவை மண் தர வழியில்லை என்று கந்தோரில் முன்பே சொல்லிவிட்டார்கள்.

உரத்தை நான் தெரிவு செய்ய வேண்டும். அச்சடித்த பையில் வரும் குளிகை உரம் நல்லது என்றார் மேலதிகாரி. மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில் வேலை செய்த ஜசிந்தா அக்கா அதைக் கையில் உருட்டிப் பார்த்தார். "இதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? மீன் தலையும் குடலும் சும்மா கொட்டுறம். நான் காயவைச்சு இடிச்சுத் தாறன்."

"அப்ப பேசாலைப் பூனையெல்லாம் இனித் தோட்டத்திலைதான் குடியிருக்கும்," என்றார் மேரி.

மீன்தூளே போதும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தூள் வந்த அன்று பையைத் திறந்து பார்த்தேன். இடையிடையே வெள்ளையாக ஏதோ மினுங்கியது. முள்ளாக இருக்கலாம். இருபது வருடம் மீன் காயவைத்தவரிடம் நான் என்னத்தைக் கேட்பது? பையைக் கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை, ஒரு பாத்திக்கு இரண்டு கைப்பிடி. தண்டில் படாமல் தூவி, விரல் ஆழத்துக்குக் கிளறி, பிறகு தண்ணீர். நான் சொன்னபடியே எல்லோரும் செய்தார்கள். வாளிகளைத் தூக்கும் நேரம், அக்கா புறங்கையால் வாயைத் துடைத்தார். உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தார்.

"ஒருத்தரும் தண்ணி ஊத்தாதேங்கோ."

பகிடி என்று நினைத்து யாரோ சிரித்தார்கள்.

"உப்புக் கிடக்கு. கருவாட்டுக்குப் போடுற மாதிரி என்ரை கை போட்டிட்டுது."

மேரியின் வாளி வெறுமையாக இருந்தது. "நான் ஊத்திட்டன், அக்கா."

அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். செடி கருகினால் உப்புக் காற்றின் மேல் பழி போயிருக்கும். மத்தியானம் வரை சிரட்டையாலும் கையாலும் மேல்மண்ணை வழித்தோம். வெயில் ஏற ஏறக் கன்றுகள் தலை சாய்ந்தன. யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரோடு உப்பு இறங்கிவிட்ட மேரியின் பாத்தி மண்ணை முழுதாக அள்ளிக் கொட்டிய அக்கா, தன் பாத்தி மண்ணை அதில் நிரப்பினார். அந்தப் போகம் அவருடைய பாத்தி வெறும் கல்லாகவே கிடந்தது.

கிணற்றடியில் கை கழுவும்போது, வெள்ளையைக் கண்டதைச் சொன்னேன்.

"கண்டனீயோ? ஏன் பிள்ளை கேக்கேல்லை?"

"உங்களிட்டை எப்பிடி அக்கா..."

"கேட்டால் நான் சாகமாட்டன். கேக்காட்டில் செடி செத்துப்போம்."

அதற்குப் பிறகு அவர் இடித்த ஒவ்வொரு பையையும் என்னிடம் நீட்டி, "கேள்," என்பார். நான் கேட்கும்வரை பையை விடமாட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் அவரிடமிருந்து நான் வைத்திருக்கிறேன். தொலைபேசியை வைத்த பிறகும், தலைமன்னாரிலிருந்து மீன்தூள் கொண்டுவந்த பெண் முன்னால் இருந்தார். எனக்கு மூத்தவர்.

"இதுக்கு உப்புப் போட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"என்ன மிஸ், உரத்துக்கு ஆரும் உப்புப் போடுவினமோ?"

"ஒருத்தர் போட்டவ. போட்டதைச் சொன்னதும் அவதான்."

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை.