கலியாணத் தட்டத்தில் ஒரு மெமரி கார்ட்

என் கலியாணத்துக்குக் கூறைச்சேலையை அம்மா எடுத்தார். தாலிக்கொடியை மாப்பிள்ளை வீட்டார் செய்வித்தார்கள். முகூர்த்த நாளைச் சாத்திரியார் சொன்னார், கோயிலைத் தம்பி ஒழுங்குபடுத்தினான். என் பொறுப்பில் விட்ட ஒரே சாமான் மெமரி கார்ட். அதிலும் நான் கேட்டதைக் கடைக்காரர் தரவில்லை.

2004ஆம் ஆண்டு. சண்டை நின்று கண்டி வீதி திறந்திருந்த காலம். நாங்கள் இரணைமடுப் பக்கம் இருந்தோம். அப்பா இல்லை. தம்பி வயல் செய்தான், நான் கிளிநொச்சியில் படிப்பித்தேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வயதில் ஒருத்திக்குக் கலியாணம் சரிவந்தால் ஊரே பெருமூச்சு விடும், இவ்வளவு காலமும் தாங்கள்தான் சுமந்து திரிந்ததுபோல. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் துணுக்காய், இருந்தது கனடாவில். ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் தொலைத்தொடர்பு நிலையத்தில் போய்க் குந்தியிருந்து அவரோடு கதைத்தேன். கலியாணப் பேச்சுக்காலில் வந்த மனிதரை எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிற்று. என் வாய்க்கு ஈடுகொடுக்கக்கூடிய ஆள் என்று முதல் மாதமே தெரிந்துவிட்டது.

அவருக்குக் கிடைத்தது பன்னிரண்டு நாள் லீவு. தாலி கட்டி மூன்றாம் நாள் விமானம். பிறகு அவர் அங்கிருந்து என்னைக் கூப்பிட வேண்டும். அதற்குக் கலியாணப் படங்கள் வேண்டும். உண்மையான கலியாணமா, விசாவுக்காகக் கட்டிய கலியாணமா என்று படங்களைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். தாலி கட்டுவது, சனம் நிற்பது, இரண்டு பேரும் சிரிப்பது எல்லாம் இருக்க வேண்டுமாம்.

இதை நான் சும்மா கேள்விப்படவில்லை. என் பெரியம்மாவின் மகளுடைய கலியாணத்தில் பிடித்த பிலிம் றோல் வெளிச்சம் பட்டுப் பழுதாகி, மிஞ்சியது நாலு படம். அந்த நாலிலும் அவளும் மாப்பிள்ளையும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஆட்களைப்போல நின்றார்கள். விசா மறுத்துவிட்டார்கள். கழுத்தில் தாலியோடும் காதில் ரெலிபோனோடும் அவள் மூன்று வருடமாக வீட்டில் இருந்தாள். என் கலியாணத்துக்கு றோல் வேண்டாம் என்று அவளைப் பார்த்தே முடிவெடுத்துவிட்டேன். றோலை வவுனியாவுக்கு அனுப்பிக் கழுவி எடுக்கிறதற்குள் மாப்பிள்ளையும் போய்விடுவார்.

டிஜிற்றல் கமரா ஒன்று என்னிடம் இருந்தது. அவர் பாவித்த பழைய கமரா, போன வருடம் ஒருவர் கையில் கொடுத்தனுப்பியது. அதற்குள் போடுகிற கார்ட், தாள் தடிப்பில், ஒரு பக்கம் தங்க நிறத் தகட்டோடு இருக்கும். அது பன்னிரண்டு படத்தோடு நிறைந்துவிடும். பெரிய கார்ட் தானே கொண்டுவருவதாகச் சொன்னவர், கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, புறப்படுகிற அன்று போன் எடுத்தார்.

"இஞ்ச கடையளில அந்தச் சாதி கார்ட் இப்ப வாறேல்லையாம். புதுக் கமராவுக்கெல்லாம் வேற சாதி. வவுனியாவில பழசு ஏதும் கிடக்கும், ஒருக்காப் போய்ப் பாரும்."

கனடாவில் இல்லாத சாமான் வவுனியாவில் கிடக்குமாம்! கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அடுத்த நாளே பஸ் ஏறினேன்.

நாலு கடையில் கை விரித்தார்கள். ஐந்தாவது, மணிக்கூடும் றேடியோவும் திருத்துகிற சின்னக் கடை. கடைக்காரர் முல்லைத்தீவிலிருந்து முன்னர் இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் மனிதர். வாயைத் திறந்ததுமே எங்கள் பக்கத்துக் கதை என்று தெரிந்தது. மேசை லாச்சியைக் கிளறி இரண்டு கார்ட்டை எடுத்து வைத்தார். ஒன்று 64 எம்பி, மற்றது 128. எனக்கு உயிர் வந்தது.

"128ஐத் தாங்கோ, நானா" என்றேன், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற வழக்கப்படி.

"கமரா கொண்டந்தனீங்களோ?"

"இல்லை. பழைய கார்ட்தான் கொண்டந்தனான்."

கடுதாசியில் சுற்றி வைத்திருந்ததை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எட்டு. இது கமராவோட வந்ததோ? அப்ப கமரா நல்லாப் பழசு, தங்கச்சி. 64ஐக் கொண்டு போங்கோ."

"பெரிசு நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா உங்கட கமராவைச் செய்யேக்க 128 எண்டு ஒண்டு உலகத்திலேயே இல்லை. இல்லாத சாமானை அது எப்பிடி வாசிக்கும்? விரலுக்குத் தக்க வீக்கம்தான் வேணும்."

எங்கள் வீட்டில் சட்டை தைத்தாலும் செருப்பு வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகத்தான் எடுப்போம். பெரிது வேண்டாம், விலை குறைந்ததைக் கொண்டு போ என்று சொல்கிற வியாபாரியை நான் அன்றுவரை கண்டதில்லை. இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று மனம் சொன்னது. மனம் சொன்னதை வாயும் சொல்லிவிட்டது.

"128ஐ ஆருக்கும் எடுத்து வைச்சிருக்கிறியளோ?"

அவர் கோபிக்கவில்லை. "என்ன தேவைக்குப் பிள்ளை?" என்று கேட்டார்.

"கலியாணத்துக்கு."

"ஆற்ற கலியாணம்?"

"என்ர."

128ஐ எடுத்து லாச்சிக்குள் போட்டுச் சாத்தினார். "அப்ப உங்களுக்குப் பிழையான சாமான் தரேலாது" என்று சொல்லிக்கொண்டு 64ஐச் சுற்றித் தந்தார். "தங்கப் பக்கத்தில கை படாமப் பிடியுங்கோ." காசைக் கொடுத்து வாங்கினேன். ஆனால் ஓமந்தை தாண்டி வீடு வரும்வரைக்கும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

வந்த கையோடு கமராவில் போட்டுப் பார்க்க எடுத்தேன். அம்மா பறித்துவிட்டார்.

"கலியாணத்துக்கு எண்டு வாங்கின சாமானை நாளுக்கு முதல் பாவிக்கிறேல்லை. கூறையை இண்டைக்கே உடுத்துப் பார்ப்பியோ?"

"அம்மா, இது சேலை இல்லை."

"என்னவா இருந்தா என்ன? கலியாணச் சாமான் எல்லாம் ஒண்டுதான்." திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "தங்கத் தகடெல்லே! கோயில் யந்திரம் மாதிரிக் கிடக்கு."

பயணக் களை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டுக்கொடுப்பது என் சுபாவத்தில் இல்லாத காரியம், அதை ஏன் அன்றைக்குச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கார்ட் கூறைச்சேலையோடு தட்டத்தில் ஏறிச் சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

கலியாணம் பிள்ளையார் கோயிலில். மாப்பிள்ளை மணவறையில் இருந்துவிட்டார். நான் மடப்பள்ளிக்குப் பக்கத்து அறையில். பெரியம்மாவின் மகள்தான் என் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி கமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அவனுடைய முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, கார்ட் பிழை எண்டு காட்டுது."

"திருப்பிப் போட்டுப் பார்."

"நாலு தரம் போட்டிட்டன்."

பெரியம்மாவின் மகளின் கை என் தலையில் அப்படியே நின்றது. அவள் வீடும், அந்த நாலு படமும், மூன்று வருடமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எனக்குப் பயத்துக்கும் கோபத்துக்கும் ஒரே குரல்தான். "கோதாரி விழுந்த கார்ட்! அந்த மனுசன் ஏமாத்திப்போட்டுது. 128ஐ ஒளிச்சு வைச்சிட்டுப் பழுதைத் தந்திருக்குது" என்று கத்தினேன். பழைய கார்ட் வீட்டில் கிடந்தது. போய்வர அரை மணித்தியாலம் வேண்டும், முகூர்த்தத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை.

நான் கத்தியது மணவறைக்குக் கேட்டிருக்க வேண்டும். "தம்பி, எழும்பக் கூடாது!" என்று ஐயர் சத்தம் போட்டார். மாப்பிள்ளை தலைப்பாகையோடு அறை வாசலில் வந்து நின்றார். பொம்பிளையை அந்த நேரத்தில் பார்க்கக் கூடாது என்று ஆரோ ஒரு மாமி குறுக்கே சேலைத் தலைப்பைப் பிடித்தா. அவர் தலைப்புக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"கார்ட்டை இஞ்ச தாரும்."

கமராவிலிருந்து நான் இழுத்தெடுத்துக் கொடுக்கப் போனேன். அப்போதுதான் மணந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சந்தனம். தங்கத்தின் நடுவில், தங்கத்தின் நிறத்திலேயே, காய்ந்துபோய் ஒரு பொட்டு.

"அம்மா!"

அம்மா ஓடி வந்தார். "என்ன பிள்ளை? எல்லாச் சாமானுக்கும் வைச்சமாதிரி அதுக்கும் ஒரு பொட்டு வைச்சனான். குங்குமம் எண்டால் ஊறிப்போம் எண்டு பார்த்துச் சந்தனம் மட்டும்தான் வைச்சனான்."

"அதைத் தங்கத்திலயோ வைக்கிறது?"

"பின்ன எங்க வைக்கிறது?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைப் பிள்ளையார் கோயிலிலேயே கண்டேன். பதில் சொல்ல நேரமில்லை. என் கைப்பையில் எப்போதும் ஒரு பாதி றப்பர் கிடக்கும், பள்ளிக்கூடப் பழக்கம். அவர் மாமியின் சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து கார்ட்டின் ஓரத்தைப் பிடித்தார். நான் தேய்த்தேன். "மெல்ல, மெல்ல" என்றார். "பேசாமப் பிடியுங்கோ" என்றேன். கமராவின் வாய்க்குள் ஒட்டியிருந்ததை விளக்குத்திரிக்கு வைத்திருந்த பஞ்சால் துடைத்தார். தம்பி கார்ட்டை வாங்கிப் போட்டான். நாங்கள் இரண்டு பேரும் தலையும் தலையும் முட்டக் குனிந்துகொண்டு நின்றோம். கமரா கொஞ்சநேரம் யோசித்தது. பிறகு மூலையில் நம்பர் விழுந்தது. தொண்ணூற்றாறு.

"வேலை செய்யுது!" என்று தம்பி கத்தினான். கத்திய கையோடு ஒரு படமும் அடித்தான், சரிபார்க்கிறதற்கு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பெரியம்மாவின் மகள் என் கண் மையைத் துடைத்துவிட்டாள், தன்னுடைய கண்ணையும் துடைத்துக்கொண்டாள். வவுனியாவில் இருந்த அந்த மனிதரிடம் மனதுக்குள் ஆயிரம் தரம் மன்னிப்புக் கேட்டேன். அன்று கார்ட் நிறையப் படம் பிடித்தோம். மூன்றாம் நாள் மாப்பிள்ளை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

அடுத்த வருடம் கொழும்பில் விசாவுக்கு நேர்முகம். போகிற வழியில் வவுனியாவில் இறங்கி, அவர் அனுப்பிய கலியாணப் பட அல்பத்தை நானாவுக்குக் காட்டினேன். பலகாரப் பெட்டியையும் வைத்து, "உங்களைத் திட்டிப்போட்டன், மன்னியுங்கோ" என்றேன். "எப்பத் திட்டினனீங்கள்? எனக்குக் கேக்கேல்லையே" என்று சிரித்தார்.

நேர்முகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை. அதிகாரி அல்பத்தை விறுவிறென்று புரட்டினா. தாலி கட்டுகிற படத்தில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. எத்தனை தாலி பார்த்திருப்பா! கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டா. தம்பி சரிபார்க்க அடித்த படம் அது. பொம்பிளை கையில் பாதி றப்பர், மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, பின்னால் அம்மா வாயில் கை வைத்தபடி. இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறோம். தாலி கட்ட முதல் எடுத்த படத்தை வைக்கக் கூடாது என்று அம்மா தடுத்தும், மாப்பிள்ளைதான் அதையும் சேர்த்திருந்தார்.

"இதில என்ன செய்யிறீங்கள் எண்டு கேக்கிறா" என்றாள் மொழிபெயர்த்த பிள்ளை.

பயத்தில் மறந்திருந்த வாய் திரும்பி வந்துவிட்டது. வவுனியாக் கடையிலிருந்து சந்தனப் பொட்டுவரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். மொழிபெயர்க்க முதலே அந்தப் பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிட்டாள். கேட்டு முடிய அதிகாரியும் சிரித்தா. பிறகு அல்பத்தை மூடி என் பக்கம் தள்ளினா.

"பாஸ்போட்டை வைச்சிட்டுப் போகட்டாம்."

பாஸ்போட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னால் சரிவந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே வந்து, தெரு ஓரத்தில் நின்று, ஒருதரம் நன்றாக மூச்சு விட்டேன். ஒரு வருடமாக அடக்கி வைத்த மூச்சு. பிறகு கிளிநொச்சிக்குப் போன் எடுத்தேன். அம்மா காலையிலிருந்து தொலைத்தொடர்பு நிலையத்தில் காத்திருந்தார்.

"அம்மா, சரிவந்திட்டுது."

"என்ர பிள்ளையாரே!"

"பிள்ளையார் இல்லை அம்மா, நீங்கள் வைச்ச சந்தனம்தான்." நடந்ததைச் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பார்த்தியே? பொட்டு வைச்சதுக்கு எத்தினை ஏச்சு ஏசினனி!"

சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்ப உன்னை அனுப்பி வைக்கிறது நான்தான் எண்டு சொல்லு."

"சாப்பிட்டிட்டீங்களோ, அம்மா?" என்று கேட்டேன்.

"ஓம், ஓம், சாப்பிட்டிட்டன்" என்றார். விடியத்தொடக்கம் ஒன்றும் வாயில் வைத்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.