உடனே கிளம்பி வா

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த என் ஜெராக்ஸ் கடையில், விடிகாலை ஐந்தரை மணிக்கு, ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு நான் ஸ்பானிஷ் படித்தேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். முப்பத்துநாலு வயதில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று பக்கத்துக் கடைக்காரர் என் வீட்டுக்காரரிடமே கேட்டிருக்கிறார். என்னைத் திட்டுவதற்குத் தமிழ் பத்தவில்லையாம் என்று இவர் பதில் சொல்லிவிட்டு வந்தாராம். அன்றைக்கு அவருக்கு நல்ல தமிழிலேயே கிடைத்தது.

காரணம் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதினெட்டு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு சிஸ்டர் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் மற்ற வீட்டுச் சிஸ்டர்கள் திண்டுக்கல்லிலும் ஆந்திராவிலும் இருந்தார்கள். எங்கள் சிஸ்டரைப் பொலிவியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அது எங்கே இருக்கிறது என்று தெருவில் கேட்டால், குமுளிக்கு அங்கிட்டு ரொம்ப தூரம் என்று சொல்லி அம்மா பேச்சை முடித்துவிடுவாள்.

ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. மற்றபடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் போன் போடுவேன். அங்கே அப்போது காலை ஆறரை. மடத்தின் முன்னறையில் இருக்கும் ஒரே போனை அக்கா எடுப்பாள். நல்லாருக்கேன், சாப்பிட்டேன், குளிர் பழகிப்போச்சு. வருடக்கணக்காக இதே மூன்று வாக்கியம். அம்மாவும் இந்தப் பக்கத்திலிருந்து அதேபோல் மூன்று வாக்கியம் சொல்வாள். நடுவில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நான் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

2007 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போனை எடுக்கவில்லை. அந்த ஊர்க்காரரான வயதான சிஸ்டர் ஒருவர் எடுத்தார். கடகடவென்று நிறையச் சொன்னார். எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல், 'ஓஸ்பிதால்'. அடுத்த வாரம் அக்காவே போனில் வந்தாள். சும்மா செக்கப்புக்குப் போனேன் தங்கம் என்றாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பொய் சொல்லும்போது மட்டும்தான் அவள் என்னைத் தங்கம் என்று கூப்பிடுவாள்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த வயதான சிஸ்டரிடம், என் அக்கா உடம்புக்கு உண்மையில் என்ன என்று நான் கேட்க வேண்டும். அவர் சொல்வது எனக்கு விளங்க வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

அடிப்படைப் பாடத்தை ஒரு புத்தகமும் அதோடு வந்த சிடியும் வைத்து எட்டு மாதம் உருட்டினேன். பெயர் என்ன, மணி என்ன, சந்தைக்கு எப்படிப் போவது. இதை வைத்துக்கொண்டு ஒருத்தியின் உடம்பைப் பற்றி எப்படி விசாரிப்பது? அதனால் இணையத்தில் தேடி ஓர் இடைநிலை வகுப்பில் சேர்ந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள். டீச்சர் பெருவில், லிமா நகரத்தில் இருந்தார். அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தின நேரம், எனக்கு விடிகாலை. வீட்டில் நெட் கிடையாது, கடையில்தான் உண்டு. அதனால் என் வீட்டுக்காரர் மார்கழிக் குளிரில் மப்ளரைக் கட்டிக்கொண்டு என்னை வண்டியில் கொண்டுவந்து விடுவார். வகுப்பு முடியும்வரை எதிர்த்த டீக்கடையில் பேப்பர் படிப்பார். பிறகு என்னை வீட்டில் இறக்கிவிட்டுக் காமயகவுண்டன்பட்டியில் இருந்த திராட்சைத் தோட்டத்துக்குப் போவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் அவரிடம் இதை ஒரு நாளும் சொன்னதுமில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அவரும் ஒரு சொல் கற்றுக்கொண்டார், 'மொமெந்தீத்தோ'. கொஞ்சம் பொறுங்க என்று அர்த்தம். திராட்சை வாங்க வந்த வியாபாரிகளிடம்கூட அதைப் பிரயோகித்தார்.

வகுப்பில் நான்கு பேர். நான் வாயைத் திறந்தால் போதும், வெளியே கண்டக்டர் 'குமுளி, குமுளி, குமுளி' என்று ஆரம்பிப்பார். மூன்றாவது வாரம் டீச்சரே, 'இன்று இன்னும் குமுளி வரவில்லையே' என்று கேட்டார். மின்வெட்டு வந்தால் யுபிஎஸ் கத்தும். அது உயிரை விடுவதற்குள் அவசர அவசரமாகப் பாடத்தை ஒப்பிப்பேன்.

ஒரு நாள், போனில் செய்தி சொல்வது பாடம். டீச்சர் எனக்குக் கொடுத்தது இது: உன் சினேகிதி வெளியூரில் இருக்கிறாள், அவள் வளர்த்த நாய் செத்துவிட்டது, போன் செய்து சொல். நான் போனை எடுப்பதுபோலக் கையைக் காதில் வைத்துக்கொண்டு, 'நாய்க்கு உடம்பு சரியில்லை, உடனே கிளம்பி வா' என்று ஸ்பானிஷில் சொன்னேன்.

டீச்சர் குழம்பிப்போனார். நாய் செத்துவிட்டதே என்றார். ஆமாம், அதை அவள் வந்தபிறகு சொல்வோம் என்றேன். அவள் நாய்க்கு மருந்து வாங்கிக்கொண்டு ஓடிவந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் நான் அதைச் செய்திருக்கிறேன். நாலு வருடம் முன்னால் அப்பா இறந்தபோது, அக்காவுக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு முடியல, உடனே கிளம்பி வா என்று சொன்னவள் நான்தான். எங்கள் பக்கம் சாவை யாரும் போனில் சொல்வதில்லை. சீரியஸ் என்போம். வழியில் இருப்பவர்களுக்கு மனசு தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த நியாயம். உள்ளூர்க்காரர்கள் குரலை வைத்தே புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டிலேயே கிடந்த அக்காவுக்கு அது மறந்துபோயிருந்தது. மூன்று நாள் பிரயாணம் பண்ணி, அப்பாவின் இருமலுக்கு அந்த ஊர் ஆட்டு ரோமத்தில் பின்னிய ஒரு பழுப்புக் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து இறங்கினாள். அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. சுவரில் மாலை போட்ட படம். அந்தப் படத்தைப் பார்த்தபடி, குல்லாவை வைத்துக்கொண்டு அவள் நின்ற நிற்பு எனக்குச் சாகும்வரை மறக்காது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டீச்சர் விடவில்லை. நேராகச் சொல் என்றார். 'எல் பெர்ரோ முரியோ' என்றேன். நாய் செத்துப்போச்சு. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. தமிழில் என் நாக்கு அப்படிப் புரளாது.

அந்த மாதமே ஒரு வேலைநாளில், அக்கா பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மடத்துக்குப் போன் போட்டேன். வயதான சிஸ்டர் எடுத்தார். எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். அவர் நிறுத்தி நிறுத்தி, ஒளிக்காமல் சொன்னார். நிமோனியா வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது தேறிவிட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் போனை வைத்தபிறகு கோவிலில் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பாள். இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்து அழுதேன். அழுகையிலும் ஒரு நிம்மதி இருந்தது. என் குடும்பத்தைப் பற்றி ஒருவர் என்னிடம் பொய்யே கலக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை. நான் பேசியதை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் ஆடியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலதுபக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. தேனி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டோம். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினால் விழுங்குவாள். கண் மட்டும் வாசலையே பார்க்கும். யாரைத் தேடுகிறாள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். நாய்ப் பாடம் படித்தவள்தான் நான். ஆனால் அவள் குரலைத் தமிழில் கேட்டதும் என் வாய் பழைய வழியிலேயே போயிற்று. அம்மாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பி வா. அக்கா எதுவுமே கேட்கவில்லை. சரி என்று வைத்துவிட்டாள். வருவாள் என்று நினைத்துக்கொண்டு நான் கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கினேன்.

மறுநாள், எந்தத் தேதிக்கு டிக்கெட் என்று கேட்கப் போன் போட்டால் வயதான சிஸ்டர் எடுத்தார். மெல்லிய குரலில், உன் அம்மாவின் ஆன்மாவுக்காக நேற்று சாயங்காலம் எல்லோரும் பூசை கண்டோம், உனக்கு எங்கள் அனுதாபம் என்றார். உன் அக்கா இந்தத் தடவை வரவில்லையாம், முடிந்த பிறகு வந்து என்ன செய்வது என்கிறாள் என்றார்.

உள்ளே அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே அவளுக்குப் பூசையும் முடிந்துவிட்டது. போனமுறை ஏமாந்த அக்கா இந்தமுறை ஊர் வழக்கப்படி சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். புரியவைத்தவள் நான். அக்காவைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன்.

அவள் வந்தாள். இருக்காகக்கா, சத்தியமா அம்மா இருக்காக என்று தமிழில் அடித்துச் சொன்னேன்.

"அப்பாவுக்கும் இதத்தானத்தா சொன்ன" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அம்மாவின் வாயில் போனை வைத்தால் பேச்சு வராது. படம் எடுத்து அனுப்பலாம் என்றால் மடத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, டீச்சர் முன்னால் பேசுவதுபோல ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தேன்.

'மமா எஸ்தா வீவா' என்றேன். அம்மா உயிரோடு இருக்கிறாள். பேச முடியாது. வலது கை அசையாது. இன்று காலை அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். ஒரு மாதம் இருக்கலாம், அதற்குக் குறைவாகவும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். அப்பா இறந்தபோது நான் உன்னிடம் பொய் சொன்னேன். இப்போது சொல்லவில்லை. உனக்கு நிமோனியா வந்ததும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ கோவிலில் தனியாக உட்கார்ந்திருப்பதும் தெரியும். இந்த பாஷையில் நான் இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை அக்கா.

எப்போது படித்தாய் என்று அக்கா ஸ்பானிஷில் கேட்டாள். அக்காவும் நானும் அந்த பாஷையில் பேசிக்கொண்டது அதுவே முதல் தடவை. குமுளி பஸ் கிளம்புகிற நேரத்தில் என்றேன். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

"நெசமா கஞ்சி குடிச்சாகளா?" என்று தமிழில் கேட்டாள்.

ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் மதுரைக்குப் போய் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவந்தார். ஆண்டிபட்டிக் கணவாயில் டீக்கு நிறுத்தியபோதும் அவள் காரைவிட்டு இறங்கவில்லையாம். நம்பிப் புறப்பட்டவளுக்கும் பயம் இருக்கத்தானே செய்யும். தெருவில் பந்தல் இருக்கிறதா, நாற்காலி கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்து இறங்கினாள். வாசலில் நின்று முதலில் சுவரைப் பார்த்தாள். அப்பா படம் மட்டும் இருந்தது.

கட்டிலில் அம்மா, தலையில் அந்தப் பழுப்புக் குல்லாவோடு, வாசலைப் பார்த்துப் படுத்திருந்தாள். இடது கையைத் தூக்கினாள். அக்கா போய் அந்தக் கையைப் பிடித்தவள், சாயங்காலம்வரை விடவில்லை.

பத்தொன்பது நாள் கிடைத்தது. அக்கா அம்மாவுக்குத் தலை சீவினாள், கஞ்சி ஊட்டினாள், முழு ஜெபமாலையும் சொன்னாள். என் உச்சரிப்பு அச்சு அசல் லிமாக்காரி மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தாள். அம்மாவை வைத்துக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் அந்த பாஷையில் சண்டை போடுவோம். அம்மா ஒன்றும் விளங்காமல் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்ப்பாள். அவள் வாயின் இடது ஓரம் லேசாகச் சிரிக்கும்.

இருபதாம் நாள் காலை, விடிந்து கொஞ்ச நேரத்தில், அம்மா போய்விட்டாள். அழுது ஓய்ந்து, உறவுகளுக்குச் சொல்வதற்காக நான் போனை எடுத்தேன். முதலில் கெங்குவார்பட்டிச் சித்தப்பா. அவர் குரலைக் கேட்டதும், சித்தப்பா, அம்மாவுக்கு ரொம்ப முடியல, உடனே என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினாள்.

"சித்தப்பா, அம்மா காலைல இறந்துட்டாக. நாங்க ரெண்டு பேரும் கூடத்தான் இருந்தோம். ஓடியாராதீக, பதறாம வாங்க."

சித்தப்பா மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் மாலையோடு.