வாலண்டைன் கிராணியின் கடைசி மூன்று பக்கங்கள்

மலாயாவின் காட்டுப் பக்கம், குவாலா லிப்பிஸ் ஸ்டேசனில் வாலண்டைன் என்று ஒரு கிராணி, அதாவது ரயில்வே குமாஸ்தா, இருக்கிறார். ரயிலில் காணாமல் போகும் சரக்கைத் தேடிக் கண்டுபிடிப்பது அவர் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ‘நூறு குவாட்டர்ஸ்’ என்ற அரசாங்கக் குடியிருப்பில் எங்களோடு இருந்தவர். அவரை ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால், எங்கள் வாசகசாலைக்காரர்கள் ‘ஏதோ ஆபீஸ் விஷயம்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றுகிறார்கள். அந்த வாசகசாலைக்கு அப்போது பள்ளிக்கூட வாத்தியாரான நான்தான் செயலாளர். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

வாலண்டைன் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஏர் ஓட்டிய குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். அந்த நினைப்பில் ஒருநாள் அவரைக் கேட்டேன்.

“என்ன அண்ணே, சனிக்கிழமை தவறாம நூல் நிலையத்துக்கு ஓடுறீங்க? எதைப் பத்திப் படிக்கிறீங்க?”

“லைபீரியா. அமெரிக்காக்காரன் அங்க என்ன செய்றான்னு பாக்குறேன் மாஸ்டர். அது எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்.”

எனக்குத் தெரியவில்லை. “பி.ஏ.ல அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டாங்க போல,” என்று சிரித்தார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கறுப்பர்களே ஆளும் சின்ன நாடு என்று அவரே சொன்னார்.

அந்த நூல் நிலையம் வெள்ளைக்காரர்களுடையது. நம்மவர்கள் சந்தா கட்டலாம். உள்ளே உட்காரக் கூடாது. பின்பக்க வராந்தாவில் ஒரு மேசை. சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் பியூன் கன்னையா ஒரு சமயத்துக்கு ஒரு புத்தகம் கொண்டுவருவான். அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அடுத்தது. ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கத்தின் விசாரணை அறிக்கையையும் அமெரிக்கப் பத்திரிகையையும் அருகருகே வைத்து ஒப்பிட வழியில்லை. வாலண்டைன் ஒன்றைப் பார்த்து எழுதி, கொடுத்துவிட்டு, மற்றதை வாங்கி எழுதினார். மழை சாரலடித்தால் மேசையைச் சுவரோரம் இழுத்துக்கொள்வார். இப்படி ஒன்றரை வருஷம்.

அவர் வேலை செய்த முறை ரயில்வே முறைதான். மூட்டை தொலைந்தால் அனுப்பிய ஸ்டேசன் புத்தகத்தையும் சேரவேண்டிய ஸ்டேசன் புத்தகத்தையும் தேதிவாரியாக ஒப்பிடுவார்கள். எந்த இடத்தில் இரண்டு கணக்கும் மாறுகிறதோ, அங்கேதான் மூட்டை தொலைந்திருக்கும். வாலண்டைன் தாளின் நடுவே கோடு கிழித்து இரண்டு பத்தி போட்டார். ஒன்றில் வாஷிங்டன் உலகத்துக்குச் சொன்னது. மற்றதில் லைபீரியாவில் நடந்தது.

பிரிட்டிஷ் அரசாங்கம் மலாயாவில் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றியதும், டயருக்கு அந்த ரப்பரை வாங்கிய அமெரிக்காவுக்குக் கோபம் வந்தது. சொந்தத் தோட்டம் தேடி லைபீரியாவுக்குப் போனார்கள். 1926இல் ஒரு டயர் கம்பெனிக்குப் பத்து லட்சம் ஏக்கர்வரை தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை. லைபீரிய அரசாங்கம் கிராமத் தலைவர்கள் மூலம் அங்கே ஆள் சேர்த்துக் கொடுத்தது. தலைவர்களுக்கு ஆள் கணக்கில் கைக்காசு. 1930இல் அந்த நாட்டில் கட்டாய உழைப்பு இருப்பதாக ஜெனீவா அறிக்கை வந்தபோது, வாஷிங்டன் அதிர்ச்சியடைந்து அறிவுரை அனுப்பியது. ஆனால் தனக்குக் கிடைத்த தாள்களில், அந்த அறிவுரை எதிலும் அமெரிக்கத் தோட்டத்துக்கு ஆள் எப்படி வந்தது என்ற பேச்சே இல்லை என்று வாலண்டைன் முப்பது பக்கம் எழுதினார்.

கடைசி மூன்று பக்கத்தில் மூன்றாவது பத்தி ஒன்று இருந்தது. மலாயா. ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்த கங்காணிக்கு இங்கே தலைக்கு இவ்வளவு என்று கிடைத்த தலைக்காசு. ரப்பர் விலை விழுந்ததும் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்ட ஆட்கள். கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டிய அவர் தங்கை சாந்தமேரி, மூன்று பிள்ளைகளோடு போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறிய தேதி. அவர் படிக்க ஆரம்பித்ததே அந்தத் தேதிக்குப் பிறகுதான்.

“முப்பது பக்கமும் இந்த மூணுக்காகத்தான் மாஸ்டர். நம்ம வாசகசாலை ஹால்ல, நம்ம ஆளுங்க முன்னால வாசிக்கணும்.”

“வர்ற மாசமே வைக்கிறேன் அண்ணே.”

“பெர்மிஷன் வரட்டும் லா.”

பொது இடத்தில் பேச மேலதிகாரியிடம் அனுமதி வாங்கவேண்டும் என்பது கவர்ன்மெண்ட் விதி. அதை யாரும் மதிப்பதில்லை. வாலண்டைன் மதித்தார். கட்டுரையை மூன்று பிரதி எடுத்து, ஆபீஸ் வழியாக மேலே அனுப்பினார். அவர் மனைவி சூசன் தலையில் அடித்துக்கொண்டாள். “திருடன்கிட்டயே சாவியக் குடுத்துட்டு, கதவத் தொறக்கவான்னு கேட்டிருக்காரு!”

மூன்று மாதம் பதில் இல்லை. நான்காவது மாதம் பத்திரிகையில் செய்தி வந்தது. அவருடைய இலாகா துரை, வெள்ளைக்காரர்களின் மதிய விருந்தில் ‘அமெரிக்காவும் லைபீரியாவும்’ என்று பேசினாராம். மிக ஆழமான ஆராய்ச்சியாம்.

இதைப் படித்ததும் எங்கள் வாசகசாலைத் தலைவர் நாகையாவுக்குக் கால் தரையில் படவில்லை. துரையை நம் ஹாலுக்கே அழைத்துவிட்டார்.

“தலைவரே, அது வாலண்டைன் அண்ணன் எழுதினது,” என்றேன்.

“இருக்கட்டுமே. துரை வாயால வந்தா நமக்குத்தானே பெருமை? நீங்க நன்றியுரைய நல்ல இங்கிலீஷ்ல தயார் பண்ணுங்க.”

துரை வந்தார். ரோஜா மாலை, கோப்பி, கேக். பேச்சில் அந்த இரண்டு பத்தி அப்படியே வந்தது. தொலைந்த மூட்டை உவமைகூட வந்தது. அமெரிக்கர்களின் பாசாங்கைத் துரை கிண்டல் செய்தபோது, அதே பாசாங்கை எஸ்டேட்டில் தினம் அனுபவிக்கிறவர்களின் அண்ணன் தம்பிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முப்பதாம் பக்கத்தோடு பேச்சு நின்றது. மலாயா என்ற சொல்லே இல்லை.

பின் வரிசையில் வாலண்டைன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நன்றியுரை சொன்னேன். ‘தங்கள் அரிய உழைப்பு’ என்றேன். பி.ஏ. படித்தது அதற்குத்தானா?

அடுத்த வாரம் அனுமதி வந்தது. “ஆட்சேபணை இல்லை. 31 முதல் 33 வரையுள்ள பக்கங்களை நீக்கிவிட்டு வாசிக்கலாம்.” கீழே துரையின் கையெழுத்து.

வாலண்டைன் அதை இரண்டுதரம் படித்தார்.

“ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எனக்கு இடம் போடுங்க மாஸ்டர்.”

“எதை வாசிப்பீங்க அண்ணே? முப்பது பக்கத்தையும் அவரே வாசிச்சிட்டாரே.”

“அதான் லா. மிச்சத்தை வாசிக்கிறேன்.”

“வேலை போயிடும்.”

“போகாது. தூக்கி எங்கயாச்சும் காட்டுல போடுவான். சூசன்கிட்ட சொல்லிட்டேன், மூட்டை கட்டப் பாத்திரத்தை எல்லாம் தேச்சு வைக்கிறா.”

விஷயம் தெரிந்து நாகையா ஹால் சாவியை எடுத்துக்கொண்டு சுங்கை வேயில் இருந்த மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டார். ஹால் வாசல் படியிலேயே கூட்டம் நடந்தது. துரைக்குக் கைதட்டிய நூற்றிருபது பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். நூல் நிலையத்துப் பியூன் கன்னையாவும் வந்திருந்தான். மூன்று பக்கம்; பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாந்தமேரியின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் கப்பல் தேதியையும் வாசித்துவிட்டு, சரக்குச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல் தாளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து மடித்தார். யாரும் கைதட்டவில்லை. கன்னையா மட்டும் எழுந்து, “அந்தக் கப்பல்ல என் சின்னம்மாவும் போனாங்க அண்ணே. அவங்க பேரையும் போட்டுக்குங்க,” என்றான்.

வாலண்டைன் பென்சிலை எடுத்து, “பேரைச் சொல்லு,” என்றார்.

நன்றியுரை சொல்ல வேண்டியவன் நான். வாயைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் வாலண்டைனுக்குக் குவாலா லிப்பிஸ் மாற்றல் உத்தரவு வந்தது.