நான்கு மூலை மஞ்சள்

என் இரண்டு கைகளும் முழுசாக இருக்கின்றன. பட்டாளத்தில் பாறை உடைத்தவன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் என் விரல்களைத்தான் எண்ணிப் பார்ப்பார்கள். "உமக்கு நல்ல நேரம்தான்" என்பார்கள். நேரமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. இந்தக் கைகள் எப்படி மிஞ்சின என்று எனக்குத்தான் தெரியும்.

பட்டாளம் என்றால் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டு மதுரைக் கோச்சடையிலிருந்து யுத்தத்துக்குக் கிளம்பிப் போனேன். அஸ்ஸாம் எல்லையில் கொண்டுபோய் இறக்கி, கையில் இரும்புக் கம்பியைக் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனிக்கு மலையை உடைத்து ரோடு போடுகிற வேலை. வெடி வைக்கப் பாறையில் குழி போட வேண்டும். ஒருவன் கம்பியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்வான், இன்னொருவன் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பான். ஒவ்வோர் அடிக்கும் பிடித்தவன் கம்பியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் பிடிக்கிறவன். அடிக்கிறவன் கப்பலூர்க்காரன், என் வயசுதான்.

"கண்ண மூடிக்க மாப்ள. பாத்துக்கிட்டு இருந்தா பயத்துல கைய இழுத்துருவ. அப்பத்தேன் அடி விழும்," என்று முதல் நாளே சொன்னான். மூடிக்கொண்டேன். அவனை நம்பித்தான் அத்தனை நாளும் கண்ணை மூடினேன்.

முகாமைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. ஓயாத மழை. காயாத சட்டை. பூட்ஸைக் கழற்றினால் கணுக்காலில் அட்டை. சோறு கேட்டால் ரொட்டி. ஜுரத்தில் போனவர்களைத் தூக்கிக் கொண்டுபோன கையோடு வந்து சாப்பிட உட்காருவோம். ஊர்க் கடுதாசி ஒன்றுதான் மனுஷனாக நினைக்க வைத்தது. கப்பலூர்க்காரனுக்குப் படிக்கத் தெரியாது. அவனுக்கு வருவதையெல்லாம் நான்தான் வாங்கிவந்து படித்துக் காட்டுவேன். அவன் சொல்வதை நானே எழுதியும் போடுவேன்.

அவன் பட்டாளத்தில் சேர்ந்தபோது பெண்டாட்டி நாலு மாசம். "பாத்துக்கிட்டே இரு மாப்ள, மஞ்ச தடவுன கடுதாசி வரும்," என்று தினமும் சொல்லுவான். எங்கள் பக்கத்தில் நல்ல சேதி எழுதினால் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் அனுப்புவார்கள். சாவுச் சேதிக்கு மஞ்சள் கிடையாது. அதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. எழுத்துத் தெரியாதவனுக்கும் மூலை தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துப் பாறையில் ஒரு காரியம் நடந்தது. சம்மட்டிக்காரனுக்கு அம்மா இறந்துபோனதாகச் சேதி வந்தது. லீவு கேட்டான். ரோடு முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை அவன் போட்ட மூன்றாவது அடி கம்பியில் விழவில்லை, பிடித்திருந்தவனின் மணிக்கட்டில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் அந்தக் கையை எடுத்துவிட்டார்கள். அடித்தவன் மண்ணில் உட்கார்ந்து தலையில் தலையில் அறைந்துகொண்டான்.

நாலு நாள் கழித்துக் கப்பலூர்க் கடுதாசி வந்தது. அவனைப் பெற்ற அய்யா சொல்ல ஊர் வாத்தியார் எழுதியிருந்தார். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் ஜன்னி கண்டு தாய் போய்விட்டாள். பிள்ளை அவன் அக்காளிடம் வளர்கிறது. மூலையில் மஞ்சள் இல்லை.

அட, ஐயோ பாவமே என்றா நினைத்தேன்? இல்லை. முதலில் என் மணிக்கட்டைத்தான் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. சமையல் கொட்டகைக்குப் போனேன். அட்டை கடித்த புண்ணுக்கு என்று பொய் சொல்லி ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் வாங்கினேன். எச்சில் தொட்டுக் குழைத்து நான்கு மூலையிலும் தடவினேன்.

தூரத்திலேயே பார்த்துவிட்டான். "மஞ்சடா மாப்ள! மஞ்ச!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினான். பெண் குழந்தை என்று படித்தேன்.

"அவ எப்படி இருக்காளாம்?"

"தாயும் பிள்ளையும் சுகம்னு போட்டிருக்கு."

"ஏண்டா, அம்புட்டு எழுதியிருக்கு, நீ இம்புட்டுத்தேன் படிக்கிற?"

"மிச்சமெல்லாம் மழை இல்ல, மாட்டுக்குத் தீவனம் இல்லங்கிற கதைடா."

மறுநாள் சம்மட்டி எப்போதும்போல விழுந்தது. அந்தக் கடுதாசியை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கிழித்தெறிய வேண்டியதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பாறை உடைத்தான்.

அவளுக்கு எழுதச் சொல்லுவான். "பச்ச உடம்போட காத்துல நிக்காதன்னு எழுது மாப்ள." தலையை ஆட்டிக்கொண்டே நான் அவன் அய்யாவுக்கு எழுதினேன்: இன்னும் சொல்லவில்லை, சொன்னால் இங்கே இவன் தாங்கமாட்டான். என் கையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பதில் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். அந்தப் பெரிய மனுஷரே தடவி அனுப்பியிருந்தார். "தம்பி, அவன் உயிரோடு வந்து சேரட்டும். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்" என்று ஒரே வரி. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மஞ்சள் வந்துகொண்டே இருந்தது. நானும் வாய் கூசாமல் படித்துக்கொண்டே இருந்தேன்.

யுத்தம் முடிந்து ரயிலேறினோம். அவன் பெட்டியில் கல்கத்தாவில் வாங்கிய சிவப்புக்கரைச் சேலை. திருச்சியில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். திண்டுக்கல்லில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சோழவந்தானில் அவன் வெற்றிலை வாங்கித் தந்தான், மென்றுகொண்டு சும்மா இருந்தேன். மதுரையில் இறங்கியதும், "உன் கூட ஊர் வரைக்கும் வாரேன்," என்றேன். சந்தோஷப்பட்டான்.

வெயிலில் திருமங்கலம் ரோட்டில் நடந்தோம். பசுமலை தாண்டியதும் ஒரு வேப்பமரத்தடியில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அந்தக் கடுதாசியை எடுத்தான். "வீட்டுக்குப் போறதுக்குள்ள இன்னொருக்கா படி மாப்ள. அந்த மொதக் கடுதாசி."

பிரித்தேன். மஞ்சள் மங்கிப் போயிருந்தது. வாத்தியார் எழுதியிருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தேன்.  நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை.

என் கையிலிருந்த தாளின் மூலையை அவன் விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"மஞ்ச யாரு தடவுனது?"

"நாந்தேன்."

"எதுக்கு?"

"கைக்குப் பயந்துட்டேன் மாப்ள."

கடுதாசியை என்னிடமிருந்து வாங்கிச் சுக்கு நூறாகக் கிழித்துப் போட்டான். ரோட்டோரக் கண்மாயில் இறங்கி, போட்டிருந்த உடுப்போடு மூன்று முறை முழுகினான். சொட்டச் சொட்ட என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தான்.

"நீ சொல்லியிருந்தாலும் என் அடி கம்பிய விட்டுத் தப்பியிருக்காது மாப்ள," என்றான். "நீ கண்ண மூடிக்கிட்டுல்ல இருந்த."

பெட்டியைத் தூக்கிக்கொண்டான். நானும் கூடக் கிளம்பினேன், வேண்டாம் என்று கையைக் காட்டினான். "போறேன்," என்றான். 'வாரேன்' என்று சொல்லவில்லை.