ஷோகேஸில் ஒரு டேட்டா சென்டர்

ஷார்ஜாவிலிருந்து ஹசன் அலி மச்சான் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்தபோது அத்தர் வந்தது, பால்பவுடர் வந்தது, தைலம் வந்தது. கடைசியில், குளியல் துண்டுகளில் பிள்ளையைப் போலச் சுற்றி வைத்திருந்த மூன்று கறுப்பு டப்பாக்கள் வந்தன. ஒவ்வொன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சோற்று டப்பா அளவுதான். அவருடைய நாலு வயது மகள் சஃபா பொம்மை என்று நினைத்துக் கை நீட்டினாள்.

"தொடக்கூடாதும்மா. இது வாப்பாவோட டேட்டா சென்டர்" என்றார் மச்சான்.

மச்சான் என் லாத்தா லாமியாவின் கணவர்; அக்காவை எங்கள் பக்கம் லாத்தா என்போம். பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கீழக்கரையிலிருந்து ஷார்ஜா போனவர். அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஏழு வருடம் ஐ.டி. பிரிவு. பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் உருவுவார். முதலாளி பாஸ்வேர்டை மறந்தால் புதியது போட்டுக் கொடுப்பார். இதை அவர் ஊரில் சொன்ன விதத்தில், அவர் லீவில் வந்துவிட்டதால் ஷார்ஜாவில் பாதிக் கட்டடங்கள் நின்றுபோயிருக்க வேண்டும்.

இந்த முறை திரும்பிப் போகப் போவதில்லை என்றார். சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களுக்கு வேண்டுமாம். அதைப் பழகத்தான் இந்த டப்பாக்கள். "ஒரு வீட்டுல தடுப்பு வச்சு நாலு குடித்தனம் வைக்கிற மாதிரி" என்று எங்களுக்கு விளக்கினார். அவர் சொன்னதிலேயே புரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். லாத்தாவுக்கு அந்தத் தொழில்நுட்பம் எல்லாம் பொருட்டில்லை. வேலை கிடைத்தால் மனிதர் இங்கேயே இருப்பார். கிடைக்காவிட்டால் ஆறு மாதம் முடிவதற்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் விசா போய்விடும். நேர்காணலுக்குத் தேதி வந்தபோது அவர் ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். எங்கள் உம்மா பழைய ஆள். மருமகன் முகத்துக்கு நேரே பேசமாட்டார். சொல்ல வேண்டியதைத் திரைக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வார். நான் போய் மச்சானிடம் சொல்வேன். இப்படி ஒரு மனிதரை ஏழு வருடம் யாரும் மறுத்துப் பேசாமல் வைத்திருந்தால் அவர் என்ன ஆவாரோ, அதுவாகத்தான் அவர் ஆகியிருந்தார்.

"உப்புக் காத்து பட்டா மிஷினு பச்சை பூத்துரும்" என்று டப்பாக்களை வைக்கக் கண்ணாடி ஷோகேஸைக் கேட்டார். அது நியாயமான பேச்சு. அவரிடமிருந்து வந்த நியாயமான பேச்சுகளை எண்ணிவிடலாம். உம்மாவின் டின்னர் செட் கட்டிலுக்கு அடியில் போனது. டப்பாக்கள் ஷோகேஸில் ஏறின. அவற்றுக்கு அரபியில் கோபுரம் என்று பெயரும் வைத்தார்: புர்ஜ் ஒன்று, புர்ஜ் இரண்டு, புர்ஜ் மூன்று. கண்ணாடியை மூடியதும் மூன்றும் சூட்டில் இரைந்தன. கண்ணாடியைக் கழற்றினார். மறுநாள் வந்த விருந்தாளிகளிடம், கழற்றியதுதான் தன் கண்டுபிடிப்பு என்றார்.

வீட்டில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ரவுட்டரையும் அவர் விடவில்லை. அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு, இன்டர்நெட் வயரை நேராகப் புர்ஜ் ஒன்றில் செருகினார். அதற்குள் ஓடிய ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான் இனி எங்கள் ரவுட்டர். ஒரு வெள்ளிக்கிழமை அந்த முதல் டப்பாவை அணைத்துத் திரும்பப் போட்டார். அதுவரை வீடு முழுக்க நெட் நின்றது. லாத்தா அதைப் பார்த்து வைத்திருந்தாள்.

ஒரு டப்பாவை அணைத்தாலும் மற்றவை வேலையை எடுத்துக்கொள்ளும் என்று நேர்காணலில் காட்டப் போவதாக மச்சான் சொல்லியிருந்தார். முந்தின நாள் லாத்தா அவரிடம் சொன்னாள்.

"நாளைக்கு அணைச்சுக் காட்டுறதா இருந்தா மூணாவத அணைங்க. முத டப்பாவ அணைச்சா நெட்டே போயிருதுல்ல."

"ஒண்ணு செத்தா இன்னொண்ணு எந்திரிச்சு வேலை பாக்கும். அதுக்குத்தான் மூணு வச்சிருக்கேன்."

"வயரு முத டப்பாவுலதானே இருக்கு? அதுவும் எந்திரிச்சுப் போயி அடுத்ததுல மாட்டிக்கிருமா?"

"லாமியா, அடுப்புல ஆணம் அடிப்பிடிக்குது. அதப் போயிப் பாரு."

குழம்பு அடிப்பிடிக்கவில்லை. இறக்கி வைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணி. மச்சான் மேலே கோட்டும் கீழே கைலியுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் உம்மா, சஃபாவை மடியில் வைத்துக்கொண்டு நான். கேமராவில் படாமல் கதவோரம் லாத்தா. கேள்வி கேட்ட அம்மாள் பெயர் சேதுலட்சுமி. மரியாதையாகத் தமிழிலேயே பேசினார். டப்பாக்களை 'லேப்' என்று மச்சான் படம் போட்டு அனுப்பியிருந்ததைப் பாராட்டினார். மச்சான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இப்ப பாருங்க மேடம், புர்ஜ் ஒன்னை நான் அணைக்கப் போறேன். உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது" என்று எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினார்.

திரும்பி வந்து பார்த்தபோது சேதுலட்சுமி வாயைத் திறந்தபடி லேப்டாப்பில் உறைந்திருந்தார். பிறகு அதுவும் போய்விட்டது.

உம்மா என் காதில், "மாப்பிள்ளை ஜெயிச்சுட்டாரா?" என்று கேட்டார்.

லாத்தா தன் போனின் நெட்டை லேப்டாப்புக்குத் திறந்து கொடுத்தாள். மச்சான் மறுபடியும் இணைந்தார்.

"சாரி மேடம். கரண்ட் போயிருச்சு."

"உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்துதே?"

"அது... இன்வெர்ட்டர்ல."

"நீங்க அனுப்பின படத்துல லேபும் இன்வெர்ட்டர்லதான இருக்கு?"

மச்சான் ஃபேனைப் பார்த்தார். சேதுலட்சுமி சிறிது நேரம் காத்திருந்தார். உண்மையைச் சொல்ல அது போதுமான நேரம்.

"கடல்காத்துல லைன் ட்ரிப் ஆகும் மேடம்" என்றார்.

"சரிங்க. மெயில் அனுப்புறோம்."

மூன்றாம் நாள் மெயில் வந்தது, இரண்டு வரி. அன்று சாயங்காலம் கடைத்தெருவில், சம்பளம் ஒத்துவரவில்லை, தானே வேண்டாமென்று விட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அண்ணன் முறையான தவ்ஃபீக் காக்கா கடையில் அதை நம்பிய ஆட்களும் இருந்தார்கள். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உம்மா மட்டும் கறி எடுத்து ஆக்கிப் போட்டார், மாப்பிள்ளை மனம் வாடக்கூடாதாம். லாத்தா அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். ஒன்றைப் பாதி மடித்துவிட்டு வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"லேப் ஓடிக்கிட்டே இருக்கணும். எதையும் தொட்டுறாதீங்க. நான் அங்கனருந்தே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மதுரை விமான நிலையத்துக்குக் கார் ஏறினார்.

கார் முக்குத் திரும்பியதும் லாத்தா உள்ளே வந்தாள். புர்ஜ் ஒன்றிலிருந்து வயரை உருவினாள். அலமாரியிலிருந்த ரவுட்டரை எடுத்து அதில் செருகினாள். நெட் வந்தது. மூன்று டப்பாக்களையும் அவர் கொண்டுவந்த அதே துண்டுகளில் சுற்றி மேலே பரணில் வைத்தாள். டின்னர் செட் ஷோகேஸுக்குத் திரும்பியது.

நாலாம் நாள் ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். சஃபாவிடம் கொஞ்சிவிட்டு லாத்தாவிடம் கேட்டார்.

"ஏன் லேபுக்குள்ள போக முடியல? மூணும் செத்துக் கெடக்கு."

"கரண்ட் போயிருச்சு" என்றாள் லாத்தா.

அவள் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. போனை அவள் கொஞ்சமும் தாழ்த்தவில்லை. மச்சானின் கண் மேலே போய் அங்கேயே நின்றது. எதற்கும் விளக்கம் வைத்திருக்கிற மனிதர், அன்று சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.