கொதிக்கும் வாயுவில் நட்சத்திரம் பிறக்காது

தொக்கொனாவோ ஊரில் நொல்பெர்த்தோ குருஸ் என்றால் சட்டென்று யாருக்கும் பிடிபடாது. ‘பல் உடைச்சவன்’ என்று கேளுங்கள், கைக்குழந்தைகூட வீட்டைக் காட்டும். இத்தனைக்கும் அவன் பிழைப்பு, மலைமேல் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளின் கருவிகளைக் குளிரவைப்பது. என்ன பொருத்தமோ, போங்கள்!

மகள் தனிசா, புருஷன் அடி தாங்காமல் கைக்குழந்தையோடு கலாமா நகரத்திலிருந்து வந்திருந்தாள். வந்த அன்றே சொல்லிவிட்டாள்: “நீ யார்மேல ஒரு தடவை கை ஓங்கினாலும் போயிருவேன்ப்பா.” நொல்பெர்த்தோ பேரன் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தான்.

அந்த வாரம் தொலைநோக்கி முகாமின் கேண்டீனில், விண்வெளி ஆய்வாளர் பஸ்குவாலா ஒரு கேலக்ஸியின் படத்தைக் காட்டினாள். கிழட்டுச் சிவப்பு நட்சத்திரங்கள் மட்டுமே. புதிதாக ஒன்றும் பிறப்பதில்லை.

“வாயு தீர்ந்துபோச்சா டாக்டர்?” என்றான் நொல்பெர்த்தோ.

“தீரலை. சுத்திலும் கொள்ளைகொள்ளையா கிடக்கு. நடுவுல இருக்கிற கருந்துளை தின்னுட்டுத் தின்னுட்டுச் சீறுது. பாதி வாயுவை வெளியே அடிச்சுத் துரத்திருச்சு, மிச்சம் கொதிக்குது. ஆறினாத்தானே திரண்டு நட்சத்திரமாகும்? ஆறப்போகும்போது திரும்பச் சீறும்.”

“அடப்பாவி! பிடிச்சு நாலு சாத்து சாத்தணும் அதை!”

கேண்டீனே சிரித்தது. அவனும்தான் சிரித்தான்.

அடுத்து வந்தது ஊர் வாய்க்கால் தூர்வாரும் நாள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். கோக்கா இலையும் ஒயினும் மண்ணுக்குப் படைத்துவிட்டு இறங்கினார்கள். அன்றைக்கு யாரும் யாரோடும் சண்டை போடக் கூடாது. பக்கத்தில் சேறு அள்ளிக்கொண்டிருந்தான் தம்பி எலெயுத்தேரியோ.

“என்னண்ணே, மக வாழாவெட்டியா வந்துட்டாளாமே? எவன் வெச்சுக் குப்பை கொட்டுவான், உன் ரத்தமாச்சே!”

நொல்பெர்த்தோவின் மண்வெட்டி தம்பியின் தாடையில் இறங்கியது. விழுந்தவனை மறுபடி அடித்தான். காது கிழிந்து சேறெல்லாம் ரத்தம். தடுக்க வந்தவனின் கையைக் கடித்தான். நாலு பேர் சேர்ந்து அமுக்கிய பிறகுதான் ஓய்ந்தான்.

தூர்வாருகிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தனிசா, குழந்தையோடு கரைமேல் நின்றிருந்தாள். பானையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு நொல்பெர்த்தோ மூச்சிரைக்க ஓடினான். அவள் பையோடு நின்றாள்.

“உனக்காகத்தானேம்மா அடிச்சேன்! உன்னைக் கேவலமாப் பேசினான்!”

“என் புருஷனும் என்மேல பாசத்துலதான் அடிக்கிறேன்னு சொல்லுவான்ப்பா.”

 பேரன் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தான். நொல்பெர்த்தோ கை நீட்டினான். அதில் தம்பியின் ரத்தம் இன்னும் காயவில்லை. தனிசா குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.