பனியாற்றுக்குப் போகும் வண்டியில் ஓர் இடம்

மருமகன் வாடகைக்குப் பேசியிருந்த வண்டியில் ஏழு ஆசனங்கள். கடைசி வரிசையில் இருக்கும் இரண்டையும் மடித்தால்தான் சாமான் வைக்க முடியும் என்பதால் அதை ஐந்து என்றே கணக்கெடுக்க வேண்டும். மருமகன், மகள், பேத்தி, பேத்தியோடு படிக்கிற பிரெஞ்சுச் சிநேகிதி என்று நான்கு பேர் போக மிஞ்சியது ஒன்று. அந்த ஒன்றுக்காகத்தான் இந்தக் கோடையின் ஆரம்பம் முழுவதும் நான் நித்திரை குறைந்து திரிந்தேன்.

பயணத் திட்டம் பேத்தியுடையது. அவள் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். அல்ப்ஸ் மலையில், ஷமோனிக்கு மேலே ஒரு பனியாறு இருக்கிறது. வருடா வருடம் அது சுருங்கிக்கொண்டே போகிறது. இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றாள். வழியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஷமோனி சேர்ந்து, அதற்கடுத்த நாள் காலை காட்டு வழியாக நடந்து ஏறுவது. ஏற முடியாதவர்களுக்கு ஒரு சின்னச் சிவப்பு ரயிலும் உண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, லா ஷப்பலில் உள்ள எங்கள் வீட்டு மேசையில் இருந்த கோப்பைகளை ஒதுக்கிவிட்டு இதையெல்லாம் அவள் விளக்கினாள்.

விளக்கினாள் என்று சொல்வது சரியில்லை. விளக்கியவர் சம்பந்தி. மருமகனின் தகப்பனாரான அவர் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் பேச்சில் 'சொல்தா'. இளவயதில் இரண்டு குளிர்காலங்களை அந்த மலைகளிலேயே கழித்தவராம். மடிப்புகளில் ஒட்டுப்போட்ட பழைய வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் வழி வழுக்கும், எந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்று விரலால் காட்டினார். பேத்தியும் அவரும் பிரெஞ்சில் பேசிச் சிரித்தார்கள். நான் இந்த நாட்டில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். லா கூர்னெவில் ஒரு மளிகைக் களஞ்சியத்தில் அரிசி மூட்டையும் தேங்காய்ப்பால் தகரமும் எண்ணியெண்ணியே ஓய்வுபெற்றவன். பத்திரிகை வாசிக்கிற அளவு பிரெஞ்சு எனக்கு உண்டு. சிரிக்கிற அளவு இல்லை.

அவர் வீடு பொண்டியில், மகள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கிழமையில் ஏழு நாள் என்றால் ஆறு நாள் பேத்தி அவருக்கு, ஒரு நாள் எனக்கு. அந்த ஒரு நாளும் அவர் கூடவே வந்துவிடுவார். அவரை அவள் 'பாப்பி' என்று கூப்பிடுவாள், பிரெஞ்சில் தாத்தா. வாயில் இருந்து துள்ளி விழுகிற சொல். என்னை 'அம்மப்பா' என்பாள். அது மெல்ல நடந்துதான் வெளியே வரும்.

மகள்தான் பேச்சைத் தொடக்கினாள்.

"இன்னும் ஒராளுக்கு இடம் இருக்கு. அம்மா ஏலாது எண்டு சொல்லிப்போட்டா. மாமா, அப்பா, ரெண்டு பேரிலை ஆர் வாறியள்?"

எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. சம்பந்தி இருக்கும் சபையில் எந்தப் பொருளையும் முதலில் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர் வேண்டாம் என்பார். மீண்டும் வற்புறுத்த வேண்டும். மீண்டும் வேண்டாம் என்று சொல்லி, அதை நம் பக்கமே தள்ளுவார். மூன்றாம் தரம்தான் யார் எடுப்பது என்பது முடிவாகும். பந்தியில் இரண்டாம் தரம் சோறு போடும்போதும் இப்படித்தான்: 'போதும் போதும்' என்று கையால் மறைப்போம், சோற்றுக் கோப்பை என்னவோ அங்கேயேதான் இருக்கும். இதை ஒருவரும் எங்களுக்குப் படிப்பித்ததில்லை.

ஆகவே நான் சொன்னேன்: "சம்பந்தி போகட்டும். அவருக்குத்தானே மலை தெரியும். எனக்கு உந்தக் குளிரும் ஒத்துவராது."

சொல்லிவிட்டு, 'அதெப்படிங்க, நீங்க இல்லாமலா' என்ற பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"மெர்சிங்க சம்பந்தி," என்று நன்றி சொன்னார் அவர். "அப்ப நான் போறேன்."

வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மகள் தலையாட்டினாள். பேத்தி கைதட்டினாள். நான்கு வசனத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர்கள் போனதும் மனைவி குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"ஏன் முகம் உப்பிடிக் கிடக்கு?"

"அவர் ஒருக்கா எண்டாலும் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம்."

"நீங்கள்தானே குடுத்தனீங்கள்."

"குடுக்கிறது ஒரு மரியாதைக்கு."

"அந்த மனுசன் பட்டாளத்திலை இருந்தவர். போ எண்டால் போறவர். உங்கடை மரியாதையை அவர் எங்கை கண்டார்? அவ்வளவு ஆசையெண்டால் ரெயினிலை போங்கோவன்."

ரயிலில் போய் யாரைப் பார்ப்பது? பனிக்கட்டி பார்க்க எனக்கு ஷமோனி வரைக்கும் போக வேண்டியதில்லை. களஞ்சியத்தின் குளிரறையில் வேண்டிய அளவு பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டியது அந்த வண்டிக்குள் போகவும் வரவுமான பேச்சு. தூங்கி விழுகிற பேத்தியின் தலை யாரோ ஒருவர் தோளில் சாயும். அது அவர் தோளாக இருக்கப் போகிறது.

அடுத்தடுத்த நாட்களில் என் மனைவி பயணத்துக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கினாள். தான் போகாத பயணத்துக்கு அவள்தான் குசினி அனுப்புகிறவள். றைஸ் குக்கர், புட்டுப் பானை, பெரிய சட்டி, இடித்த சம்பல் போத்தல், அரிசி, மா, மிளகாய்த்தூள். நான் ரூ பெர்தொனே கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாகப் பை தூக்கினேன். பலசரக்குக் கடைக்காரர் கேட்டார்:

"என்ன அண்ணை, கலியாணமோ?"

"இல்லை. பிள்ளையள் மலைக்குப் போகினம். பனியாறு பாக்க."

"அங்கை என்ன கோயில் இருக்கு?"

"கோயில் ஒண்டும் இல்லை."

"லூர்துக்கு எண்டாலும் ஒரு கதை. சும்மா ஐஸைப் பாக்கவோ இவ்வளவு அரிசி?" என்று சிரித்தார். "அப்ப நீங்களும் போறியளோ?"

"சம்பந்தி போறார்," என்றேன். அரிசிப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகு வந்த சனிக்கிழமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது, அல்லது திருத்தியது. பின்னேரம் மரக்கறி வாங்க இறங்கினேன். மூலையில் இருக்கும் தேநீர்க்கடைக் கண்ணாடிக்குள் பேத்தி இருந்தாள். எதிரே சம்பந்தி. இருவர் முதுகிலும் மலையேறுகிறவர்கள் போடும் பை, கழற்றக்கூட இல்லை. முகங்கள் வெயிலில் சிவந்திருந்தன. ஒரு தட்டில் நான்கு வடை. நான் பார்த்துக்கொண்டு நின்றபோதே அது இரண்டானது.

என் தெருவுக்கு வந்திருக்கிறாள். எனக்கு ஒரு ரெலிபோன்கூட எடுக்கவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். சம்பந்தி என்னைக் கண்டுவிட்டார். கதவு வரைக்கும் எழுந்து வந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க! பொண்டியிலேர்ந்து கால்வாயோரமா நடந்தே வந்துட்டோம். பிராக்டீஸ். இவ நல்லா நடக்கறா. உக்காருங்க. தம்பி, இங்க இன்னொரு டீ!"

என் தெருவில், நான் இருபது வருடமாகத் தேநீர் குடிக்கிற கடையில், அவர் எனக்குத் தேநீர் சொல்கிறார். கொண்டு வந்து வைத்த கடைக்காரப் பொடியனுக்கும் நான் யார் என்று தெரியும். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீனியைக் கூடுதலாகப் போட்டுவிட்டான்.

"அம்மப்பா," என்றாள் பேத்தி. தமிழில் பேச வேண்டும் என்றால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பாள். "நீங்கள் ஏன் வர இல்லை? மலை உங்களுக்கு விருப்பம் இல்லை, என்ன?"

"ஆர் சொன்னது?"

"பாப்பி."

"நீங்கதானே சொன்னீங்க, குளிர் ஆகாதுன்னு," என்றார் சம்பந்தி. குற்றம் சொல்கிற குரலே அல்ல. வெங்காயம் வேண்டாம் என்று சொன்னவருக்கு வெங்காயம் போடாமல் விட்டவரின் குரல். நான் சொன்னதை இந்த மனிதர் உண்மை என்றே இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. நான் இத்தனை நாள் கோபித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை, அவ்வளவும் வீண்.

"நான் மரியாதைக்குச் சொன்னது," என்றேன். "எனக்கும் வர வேணும்."

கடையில் வேறு யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் என் காது சுட்டது. எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது எந்த வயதோடு நின்றது என்று நினைவில்லை.

சம்பந்தி தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அப்ப நீங்க போங்க. நான் அந்த மலையப் பாத்தவன்தானே."

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் அவர் அதைச் சொன்னபோது பேத்தியின் கை வடைத் தட்டில் அப்படியே நின்றுவிட்டது. கீழே பார்த்துக்கொண்டாள். அந்த ஆசனத்தை நான் எடுத்தால், ஷமோனி வரைக்கும் எனக்குப் பக்கத்தில் அந்த முகம்தான் இருக்கும். அதையும் எண்ணிப் பார்த்தேன். பொறாமை பிடித்தவனுக்கும் கணக்கு வரும்.

"வண்டியிலை ஏழு சீற் இருக்கு," என்றேன்.

"பின்னாலை ரெண்டும் சாமானுக்கு," என்றாள் பேத்தி. "அம்மம்மாவின்ர சட்டி, பானை, குக்கர்..."

"ரெண்டிலை ஒண்டை நிமித்து. சட்டி பானை வேண்டாம்."

"அப்ப என்ன சாப்பிடுவம்?"

"பாண்."

பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் எதையோ சொல்ல, சம்பந்தி இருமும்வரை சிரித்தார். என்னவென்று கேட்டேன். அவர் மொழிபெயர்த்தார்: "தாத்தா மலை ஏறுவார்னா நம்பலாமாம். ராவைக்கு ரொட்டி சாப்பிடுவார்ங்கறத மட்டும் நம்ப முடியாதாம்."

பேத்தியின் சம்மதம் லேசில் கிடைத்துவிட்டது. இடம் உண்மையில் என் மனைவியின் கையில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் மிளகாய்த்தூளைப் போத்தலில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ரை குக்கரை இறக்கிப்போட்டு உங்களை ஏத்திறதோ?"

"நாலு நாள்தானே."

"நாலு நாள் பாண் திண்டு, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வந்து என்னட்டைத்தானே கிடப்பியள். புட்டு இல்லாமல் ஒரு ராத்திரி படுத்திருக்கிறியளோ, சொல்லுங்கோ பாப்பம்."

"படுக்கிறன்."

"அந்தப் பிள்ளை சமைச்சுத் தின்னட்டும் எண்டுதான் நான் இவ்வளவும் கட்டினது. நான் வராட்டிலும் என்ரை கை அங்கை போகட்டும் எண்டு."

நான் ஒருவன்தான் அந்த வண்டிக்காக ஏங்குகிறேன் என்று நினைத்திருந்தேன். நான் கதிரையில் இருந்தேன். அவள் போத்தல்களைத் துடைத்து வரிசையாக வைத்தாள். கடைசியில் பெரிய சட்டியையும் குக்கரையும் மேல் தட்டில் ஏற்றச் சொன்னாள். புட்டுப் பானையை மட்டும் விடவில்லை.

"இது உங்கடை மடியிலை போகும். விருப்பமெண்டால் ஏறுங்கோ, இல்லையெண்டால் இருங்கோ."

"ஏறுறன்," என்றேன். ஒரே தரத்தில்.

புறப்படும் காலை மெத்ரோ பாலத்துக்குக் கீழே மருமகன் வண்டியை நிறுத்தினார். பின்னால் நின்ற பேருந்துக்காரன் ஹோர்ன் அடித்தபடி இருந்தான். நிமிர்த்தப்பட்ட ஒற்றைப் பின் ஆசனத்துக்குள் நான் பக்கவாட்டாக நுழைந்தேன். வலது பக்கம் பைகள், கூடாரம், ஊன்றுகோல்கள். மடியில் புட்டுப் பானை. எனக்கு நேர் முன்னால் சம்பந்தி. அவருக்குப் பக்கத்தில் பேத்தி. அடுத்து அவள் சிநேகிதி. அறுநூறு கிலோமீற்றருக்கு நான் பார்த்துக்கொண்டு போக வேண்டியது அவருடைய பிடரியை. பேத்தி வண்டி நகருமுன்பே அந்த ஒட்டுப்போட்ட வரைபடத்தை அவர் மடியில் விரித்துவிட்டாள். இருவர் தலையும் அதன்மேல் குனிந்தன.

மனைவி நடைபாதையில் நின்று கையசைத்தாள். பானையைச் சரித்துப் பிடிக்க வேண்டாம் என்று கண்ணாடி வழியாகச் சைகை காட்டினாள்.

வண்டி நகர எல்லையான போர்த் த லா ஷப்பலைத் தாண்டும்போது சம்பந்தி பாதி திரும்பிக் கேட்டார்:

"கால் இடிக்குதுங்களா சம்பந்தி?"

"ஓம், இடிக்குது. உங்கடை சீற்றைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுங்கோ."

"தக்கோர், சரிங்க," என்று அவர் உடனே தள்ளினார். என் முழங்கால் விடுபட்டது. அவருடைய நீண்ட கால்கள் மருமகனின் ஆசன முதுகில் போய் முட்டின. வரைபடம் மடங்கியது. பேத்தி அதைத் தூக்கி, அவர் பக்கத்துக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள். பின்னாலிருந்து எனக்கும் அதில் பாதி தெரிந்தது.